ஒரு நாற்காலி, நாலு தலை: பில்லிங் சாஃப்ட்வேரின் தொடக்கத் திரைகள் ஏன் பாதியில் நிற்கின்றன

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ரெடிமேட் கடை. ஆடித் தள்ளுபடிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. பில் புக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு கம்ப்யூட்டர் பில்லுக்கு மாறுவது என்று முடிவு செய்திருந்தார்கள். சாஃப்ட்வேர் போட்டுக்கொடுக்க நான் போயிருந்தேன். கீபோர்டு முன்னால் உட்கார்ந்தது கடைப் பையன். பிளஸ் டூ முடித்தவன், கை வேகம். முதல் திரை கடை பெயரைக் கேட்டது, அடித்தான். இரண்டாவது திரை முகவரியைக் கேட்டது. கொக்கியில் தொங்கிய துணிப்பையைப் பார்த்து அடித்தான். மூன்றாவது திரையில் நின்றான். 'சரக்கு மதிப்பிடும் முறையைத் தேர்ந்தெடுக்கவும்' என்று இருந்தது. கீழே மூன்று வட்டங்கள்: ஃபிஃபோ (முதலில் வந்த சரக்கு முதலில் விற்றதாகக் கணக்கிடுவது), சராசரி விலை, கடைசிக் கொள்முதல் விலை.

பையன் என்னைப் பார்த்தான். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே கேட்டார்: "இன்னா தம்பி, அதுக்குள்ள நின்னுடுச்சா?" விஷயத்தைச் சொன்னேன். "அதெல்லாம் ஆடிட்டரக் கேக்கணும்பா. நீ எதுனா ஒண்ணப் போட்டு உடு" என்றார். ஆடிட்டர் போனை எடுக்கவில்லை. நானும் எதுனா ஒன்றைப் போட்டுவிட்டு 'அடுத்து' பட்டனை அமுக்கினேன். மார்ச் முடிந்து கணக்கு மூடும்போது அந்த 'எதுனா ஒண்ணு' எனக்கு ஆடிட்டரிடம் நல்ல திட்டு வாங்கித் தந்தது.

அந்தக் கேள்வியில் பிழை எதுவும் இல்லை. பதில் தெரிந்தவர் அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் இல்லை, அவ்வளவுதான். பிறகு நான் கடை கடையாகப் போவதை விட்டு, அதே மாதிரித் திரைகளை வரைகிற வேலைக்கு வந்தேன். வந்து இத்தனை வருஷத்தில் இந்தத் தொழிலைப் பற்றி உறுதியாகச் சொல்ல எனக்கு இருப்பது ஒன்றுதான்: ஒரு தொடக்க அமைப்பைப் படிப்படியாகப் பிரிக்கும்போது, எந்தக் கேள்விக்கு யாரிடம் பதில் இருக்கிறது, அது எப்போது தேவைப்படுகிறது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் உள்ளே தகவலை எந்தெந்த அட்டவணையில் வைத்திருக்கின்றனவோ அந்த வரிசையில் பிரிக்கின்றன. நிறுவனம், வரி, சரக்கு, பார்ட்டி (வாடிக்கையாளர் கணக்கு), பிரிண்டர். எழுதுகிறவருக்கு இது வசதி. கடைக்கு இல்லை.

வடசென்னையில் ஒரு நடுத்தரக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கடையைப் பற்றிய அறிவு நாலு தலைக்குள் பிரிந்து கிடக்கும். யாருக்குக் கடன் கொடுக்கலாம், பில்லில் கடை பெயர் எப்படித் தெரிய வேண்டும், எந்த பேங்க் கணக்கைக் காட்ட வேண்டும், எதைக் காட்டக் கூடாது என்பதெல்லாம் முதலாளிக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு மூன்று சாயங்காலம் வந்து போகிற கணக்குப்பிள்ளைக்கு (ஐந்தாறு கடைக்கு ஒரே ஆள்) பார்ட்டிகளின் பாக்கி, பில் நம்பர் எதுவரை போயிருக்கிறது என்பது தெரியும். சரக்கு மதிப்பீடு, வரித் திட்டம், விற்றுமுதல் எல்லாம் ஆடிட்டர் பக்கம். பிரிண்டரில் என்ன பேப்பர் ஓடுகிறது, எந்தச் சரக்கை வாடிக்கையாளர் எந்தப் பெயரில் கேட்கிறார், எத்தனை மணிக்கு நெட் படுத்துவிடும் என்பதெல்லாம் பையனுக்குத்தான் தெரியும். சாஃப்ட்வேரோ நாலு பேரும் ஒரே உடம்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பத்துத் திரையை வரிசையாக நீட்டுகிறது.

இந்த மாதிரி படிப்படியான திரைகளுக்கு ஆங்கிலத்தில் விசார்ட் என்று பெயர். மந்திரவாதி என்று அர்த்தம். 1991-ல் வந்த மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரில் 'பேஜ் விசார்ட்' என்று இருந்தது: சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் அழைப்பிதழோ செய்தி மடலோ தயாராகி நிற்கும். அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருள் வந்தபோது அதிலும் இருந்தது. விண்டோஸ் 95-க்குப் பிறகு பிரிண்டர் சேர்ப்பதிலிருந்து இன்டர்நெட் இணைப்பு வரை எல்லாமே 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்' ஆகிவிட்டது. அந்தப் பழைய மந்திரவாதி கேட்டது கொஞ்சம், செய்து கொடுத்தது நிறைய. இன்று நாம் வணிக மென்பொருளில் எழுதுவது பல சமயம் தலைகீழ்: பதினைந்து கேள்வி கேட்டுவிட்டு, கடைசியில் காலியான ஒரு டேஷ்போர்டைக் காட்டி 'வாழ்த்துகள்' என்கிறது. திரையில் வண்ணக் காகிதத் துண்டுகள் வேறு பறக்கும்.

படிகள் இருப்பதே எல்லோருக்கும் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். 1986-ல் தொடங்கிய டேலி நிறுவனத்தின் கணக்கு எழுதும் மென்பொருளில் கம்பெனி உருவாக்குவது இன்றைக்கும் ஏறக்குறைய ஒரே திரைதான். பெயர், முகவரி, நிதியாண்டு எப்போது தொடங்குகிறது, கணக்குப் புத்தகம் எப்போது தொடங்குகிறது. கடைசியில் ஒரு 'ஏற்கவா?'. டேலி பழகிய கணக்குப்பிள்ளையின் விரல், ஏற்பதற்கான கண்ட்ரோல் ஏ-வைத் தானாகத் தேடிப் போகும். அவரை ஏழு திரைக்குள் இழுத்துக்கொண்டு போனால் எரிச்சல்தான் மிஞ்சும். படிப்படியான வழி, வாழ்க்கையில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ செய்கிற வேலைக்கு, அதுவும் அந்த வேலை புதிதாக இருப்பவருக்கு. தினமும் முப்பது சரக்கு சேர்க்கிறவருக்கு எக்செல் மாதிரி ஒரு கட்டம் போதும்.

புதியவர் விஷயத்தில் ஐபிஎம்-மில் இருந்த ஜான் கேரல் 1980-களில் செய்த வேலை இன்னும் பழசாகவில்லை. அலுவலகத்தில் வேர்டு பிராசஸர் கற்கிறவர்கள் கையேட்டைப் படிப்பதில்லை, நேராக வேலையில் குதிக்கிறார்கள் என்று அவரும் உடனிருந்தவர்களும் கவனித்தார்கள். உடனே, புதியவர் அடிக்கடி போய் மாட்டிக்கொள்ளும் கட்டளைகளை மட்டும் அடைத்துவைத்து ஒரு பதிப்பைச் செய்து பார்த்தார்கள். சைக்கிள் பழகும் பிள்ளைக்குப் பக்கத்துச் சக்கரம் மாட்டுவது போல. ஆய்வுக்கும் அந்தப் பெயரே வைத்தார்கள், வெளியானது 1984-ல். அடைக்கப்பட்ட பதிப்பில் கற்றவர்கள் சீக்கிரமாக வேலையைத் தொடங்கினார்கள், தப்பிலிருந்து மீள்வதில் குறைந்த நேரம் செலவிட்டார்கள். கடைக்காரரும் இப்படித்தான். அவர் சாஃப்ட்வேரை 'அமைக்க' வரவில்லை. பில் போட வந்திருக்கிறார்.

ஆகவே முதல் பில் போட என்ன வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. கடை பெயர், முகவரி, ஜிஎஸ்டி நம்பர் இருந்தால் அது, பில் நம்பர், விற்கிற நாலு சரக்கின் விலை, வரி விகிதம், பிரிண்டர். தீர்ந்தது. சரக்கு மதிப்பீட்டு முறை இந்தப் பட்டியலில் இல்லை. கையிருப்பின் மதிப்பையும் லாபத்தையும் கணக்கெடுக்கும்போதுதான் அது உள்ளே வருகிறது. என்னைத் திட்டு வாங்கவைத்த கேள்வியை அந்தக் காலையில் கேட்டிருக்கவே தேவையில்லை.

இந்தச் சின்னப் பட்டியலிலும் பாதியை கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி நம்பரை எடுத்துக்கொள்வோம். 2017 ஜூலை 1-லிருந்து பதிவு செய்த ஒவ்வொரு கடை போர்டிலும் இருக்கும் அந்த 15 எழுத்துக்குள் ஒரு குட்டி ஜாதகமே இருக்கிறது. முதல் 2 இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, ஆந்திரா 37. அடுத்த 10 எழுத்து பான் நம்பர். அந்தப் பானின் நாலாவது எழுத்து, இது யார் என்று சொல்லும்: பி என்றால் தனிநபர், எஃப் என்றால் பங்குதாரர் நிறுவனம், சி என்றால் கம்பெனி, எச் என்றால் இந்துக் கூட்டுக் குடும்பம். 13-ஆவது, அதே பானில் அதே மாநிலத்தில் எடுத்த எத்தனையாவது பதிவு என்பது. 14-ஆவது வழக்கமாக இசட். கடைசி எழுத்து, முன்னால் இருக்கும் 14-ஐ வைத்துக் கணக்குப் போட்டு வருவது.

அப்படியானால் ஜிஎஸ்டி நம்பரைக் கேட்ட பிறகு 'உங்கள் மாநிலம் எது' என்று ஒரு திரை, 'பான் நம்பர்' என்று ஒரு திரை, 'நிறுவனத்தின் வகை' என்று ஒரு திரை எதற்கு? மூன்றையும் எடுத்துவிடலாம். கடைசி எழுத்தை வைத்துச் சரிபார்த்தால், ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். இன்னொரு நுணுக்கம்: எந்த இடத்தில் எழுத்து வரும், எந்த இடத்தில் எண் வரும் என்பது பெரும்பாலும் நிச்சயம். பானில் முதல் ஐந்து எழுத்து, பிறகு நாலு எண், பிறகு ஓர் எழுத்து. பையன் சைபர் அடிக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஓ அடித்திருந்தால், சிவப்பில் கத்தாமல் சாஃப்ட்வேரே மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு தப்புக்காக எத்தனை போன் கால் வரும் என்று சப்போர்ட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஜிஎஸ்டி தளத்தில் அந்த நம்பரைத் தேடினால் பதிவு செய்த பெயர், வணிகப் பெயர், முகவரி, சாதாரணத் திட்டமா காம்போசிஷனா (சின்னக் கடைகளுக்கான எளிய வரித் திட்டம்) என்பதெல்லாம் யாரும் பார்க்கலாம். சாஃப்ட்வேரும் அதைக் கேட்டு வாங்கலாம். காம்போசிஷன் என்று வந்தால் அவர் வரி வசூலிக்க முடியாது, 'டேக்ஸ் இன்வாய்ஸ்' என்று தலைப்புப் போடவும் முடியாது. 'பில் ஆஃப் சப்ளை' என்றுதான் வர வேண்டும். இதை முதலாளியிடம் கேள்வியாகக் கேட்டால் முழிப்பார். நம்பரிலிருந்து எடுத்துக்கொண்டால் முழிக்க வேண்டாம்.

ஆனால் எடுத்து வந்ததை அப்படியே நம்பிவிடவும் கூடாது. எங்கள் பக்கத்தில் பதிவுப் பெயர் பெரும்பாலும் முதலாளியின் பெயராக இருக்கும். அப்பா காலத்துக் கடையாக இருந்தால் அப்பாவின் பெயராகவே இருக்கும். தெருவில் கடைக்கு வேறு பெயர். பில்லின் தலையில் பெரிதாக வர வேண்டியது தெருவுக்குத் தெரிந்த பெயர். எனவே 'இந்தப் பெயர் சரியா?' என்று கேட்பதைவிட, இரண்டையும் பில்லில் அச்சாவது போலவே காட்டி 'எது மேலே வரணும்?' என்று கேட்பது மேல். முதலாளி கல்லாவிலிருந்தே பதில் சொல்லிவிடுவார்.

முகவரியிலும் இதே கதைதான். 600021 என்று அடித்தால் வண்ணாரப்பேட்டை, சென்னை, தமிழ்நாடு என்று நிரப்பிக்கொள்ளலாம். முதல் இலக்கம் 6 என்பதை மட்டும் வைத்து மாநிலத்தை முடிவு செய்யக் கூடாது, கேரளத்துக்கும் அதே 6 தான். பேங்க் விவரத்தில் 11 எழுத்து ஐஎஃப்எஸ்சி கிடைத்துவிட்டால் வங்கியும் கிளையும் வந்துவிடும்.

கேட்டுத்தான் ஆக வேண்டிய கேள்விகளில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே கேட்கிற விதம்தான் எல்லாம். பில் நம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான திரை 'தொடக்க எண்' என்று ஒரு கட்டத்தை வைத்து, அதில் 1 என்று முன்பே நிரப்பி வைத்திருக்கும். பையன் அதைத் தொட மாட்டான். ஏப்ரலிலிருந்து கடையில் அச்சடித்த பில் புக் ஓடிக்கொண்டிருக்கும். அதில் 1 போய், 100 போய், 4,312-ல் நிற்கும். ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் நம்பர் தொடர்ச்சியாக, 16 எழுத்துக்கு மிகாமல், அந்த நிதியாண்டுக்குள் ஒரு தடவைக்கு மேல் வராமல் இருக்க வேண்டும். இப்போது ஒரே ஆண்டில் இரண்டு '1' பில். மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளை வந்து தலையில் அடித்துக்கொள்வார். கேள்வியை மாற்றிப் பாருங்கள்: 'கடைசியாகப் போட்ட பில்லின் நம்பர் என்ன?' பையன் கையை நீட்டி பில் புக்கை எடுப்பான், பார்ப்பான், அடிப்பான். அடுத்தது 4,313 என்று சாஃப்ட்வேருக்குத் தெரியாதா?

விற்றுமுதல் இன்னொரு தர்மசங்கடம். 'கடந்த ஆண்டு விற்றுமுதல்' என்று ஒரு கட்டத்தை வைத்து, ரூபாய்க் குறி போட்டு, அதைக் கட்டாயம் என்றும் சொல்லிவிட்டால், கடைப் பையன் எதிரில் முதலாளி என்ன சொல்வார்? தொண்டையைக் கனைப்பார். 'ஒரு லட்சம் போடு' என்பார். சாஃப்ட்வேருக்கு உண்மையில் அந்தத் தொகை வேண்டாம். எச்எஸ்என் எண் (சரக்கு எந்த வகை என்று சொல்லும் குறியீடு) 4 இலக்கமா 6 இலக்கமா என்பதற்கான எல்லை 5 கோடி. 2023 ஆகஸ்ட் 1-லிருந்து இ-இன்வாய்ஸுக்கும் (பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்வது) எல்லை 5 கோடிதான். எந்த ஆண்டின் விற்றுமுதலைப் பார்ப்பது என்பதில் மட்டும் இரண்டும் வேறுபடும். 'ஐந்து கோடிக்கு மேலா, கீழா?' என்று கேட்டால் போதும். தலையாட்டலிலேயே பதில் கிடைத்துவிடும்.

சிவப்பு நட்சத்திரத்தைப் பற்றி எனக்குத் தனிக் கோபம் உண்டு. காசிமேட்டில் ஒரு மீன் வியாபாரி. விடியற்காலை ஏலம், கூடை கூடையாக எடுத்து ஹோட்டல்களுக்கு அனுப்புகிறவர். எந்த ஹோட்டல் எவ்வளவு பாக்கி என்று ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்றுதான் சாஃப்ட்வேர் கேட்டார். இரண்டாவது திரையில் ஜிஎஸ்டி நம்பர், நட்சத்திரத்தோடு. அவருக்கு நம்பர் இல்லை. வாங்க வேண்டியதும் இல்லை. பிடித்த மீனுக்கும் ஐஸில் வைத்த மீனுக்கும் வரி கிடையாது, வரி இல்லாத சரக்கை மட்டும் விற்கிறவர் பதிவு செய்யத் தேவையில்லை. வரி உள்ள சரக்கை விற்கிற சின்னக் கடைக்கும், உள்ளூரிலேயே விற்றுக்கொண்டு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பதிவு தேவையில்லை. திரையை எழுதியவருக்கு இது தோன்றவில்லை. வியாபாரியின் மகன் என்ன செய்தான்? 33 என்று போட்டு, ஏ ஏ ஏ என்று அடித்துப் பார்த்தான், ஒத்துக்கொள்ளவில்லை. கூகுளில் யாரோ ஒருவருடைய நம்பரைத் தேடி எடுத்து ஒட்டினான். ஒத்துக்கொண்டது! யாரோ ஒருவரின் ஜிஎஸ்டி நம்பரோடு ஹோட்டலுக்கு மீன் பில் போனது. நாங்கள் கண்டுபிடித்து நிறுத்த ஒரு வாரம் ஆனது.

கட்டாயம் என்று ஒரு கட்டத்தைப் பூட்டினால் உண்மை வராத இடத்தில் பொய் வந்து உட்காரும். காலிக் கட்டத்தைப் பிறகு தேடிக் கண்டுபிடிக்கலாம், பொய்யான கட்டத்தை யார் தேடுவது? 'நம்பர் இல்லை' என்பதும் ஒரு பதில்தான். அதற்கு ஒரு பட்டன் இருக்க வேண்டும்.

அதே வியாபாரியிடம் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். அவருக்கு அலகு கூடையும் கிலோவும். எடுப்பது கூடையில், கொடுப்பது கிலோவில், எந்தக் கூடையும் இன்னொரு கூடைக்குச் சமம் இல்லை. 'ஒரு கூடை = எத்தனை கிலோ' என்று திரை கேட்டபோது அவர் சிரித்தார். மண்ணடியில் இரும்புக் கடைக்கு எடைதான் எல்லாம். கிலோவுக்குப் பின்னால் மூன்று தசமம் இல்லையென்றால் பில் தகராறில் முடியும். எம்.சி. ரோட்டில் பீஸும் சைஸும். மருந்துக் கடையில் பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் இல்லாமல் ஒரு அட்டை மாத்திரைகூட நகராது. இவர்கள் எல்லோரிடமும் அலகு, தசமம், பேட்ச், சைஸ் என்று எட்டு கேள்வி கேட்பதற்குப் பதிலாக, ஆரம்பத்தில் ஒரே ஒரு கேள்வி: 'என்ன வியாபாரம்?' துணி, இரும்பு, மளிகை, மருந்து, மீன். படத்தைத் தொட்டால் எட்டுக்கும் பொருத்தமான பதில் உள்ளே உட்கார்ந்துவிடும். முன்பே நிரப்பிய பதிலைப் பெரும்பாலோர் மாற்றுவதில்லை என்பதால், அந்தத் தொழிலைத் தெரிந்தவரோடு உட்கார்ந்துதான் அதை நிரப்ப வேண்டும். ஆபீஸ் ஏசிக்குள் உட்கார்ந்து மீன் கடைக்கான பதில்களை முன்பே நிரப்பி வைத்தால் கூடையும் கிலோவும் கதைதான் நடக்கும்.

வரி விகிதத்தை மட்டும் தொடக்க அமைப்பில் கல்வெட்டு மாதிரி பொறித்துவிடக் கூடாது. 2025 செப்டம்பர் 22-லிருந்து விகிதங்கள் மாறியபோது துணிக்கடைகளில் பீஸ் விலைக்கான எல்லையே 1,000-லிருந்து 2,500 ரூபாய்க்குப் போனது. 2,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. சரக்குக்கு ஒரே ஒரு விகிதம் என்று வைத்திருந்த சாஃப்ட்வேர்களில் அன்று ராத்திரி ஒவ்வொரு சரக்காகத் திறந்து மாற்றினார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று வைத்திருந்தவர்கள் தூங்கினார்கள்.

இனி, திரும்ப மாற்ற முடியாத விஷயங்கள். கணக்குப் புத்தகம் எந்தத் தேதியில் தொடங்குகிறது, அடிப்படை அலகு எது, பேட்ச் வைப்பதா வேண்டாமா. பல சாஃப்ட்வேர்களில் இவற்றை நூறு பில் போன பிறகு மாற்றுவது, வீட்டைக் கட்டிவிட்டு அஸ்திவாரத்தை நகர்த்துகிற வேலை. இவற்றுக்குத் தனித் திரை கொடுப்பேன். நிதானமாக, ஒரு திரைக்கு ஒரு கேள்வி. பிரிட்டன் அரசின் இணையச் சேவைகளில் இந்த 'ஒரு பக்கத்தில் ஒரு விஷயம்' முறையைப் பெரும்பாலும் கடைப்பிடிக்கிறார்கள். பொதுமக்களுக்கு அது சரி, கடையில் எல்லாவற்றுக்கும் அப்படிச் செய்தால் வாடிக்கையாளர் காத்திருப்பார். கனமான மூன்று நாலு கேள்விக்கு மட்டும் போதும். மற்றவற்றின் கீழே 'பிறகு மாற்றலாம்' என்று சின்னதாக ஒரு வரி, நிஜமாகவே மாற்ற முடிந்தால் மட்டும். எல்லாத் திரையிலும் அந்த வரியை ஒட்டிவிட்டு, பிறகு போனால் கட்டம் சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். நான் வரைந்த திரையிலேயே ஒரு முறை.

தமிழில் திரை வைப்பவர்கள் பட்டன்களைக் கொஞ்சம் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். ஃபினிஷ் என்பதை 'முடி' என்று போட்டிருந்தார்கள். தலைமுடி எண்ணெய் விற்கிற கடையில் அந்தப் பட்டன் வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். பேக் என்பது 'பின்'. அதே திரையில் முகவரிக்குக் கீழே 'பின் எண்' என்று ஒரு கட்டம். ஸ்கிப் என்பது 'தவிர்'. கடைக்காரர் அதை 'இதைச் செய்யாதே' என்ற எச்சரிக்கையாகப் படித்தார், தப்பு அவருடையது இல்லை. 'பிறகு செய்கிறேன்' என்று போட்டதும் சிக்கல் தீர்ந்தது. பேரேடு என்பது அழகான சொல், ஆனால் தண்டையார்பேட்டையில் கணக்கு எழுதுகிறவர் லெட்ஜர் என்கிறார். வாடிக்கையாளர் கணக்கைப் பார்ட்டி என்கிறார். அவர் வாயில் இருக்கிற சொல்லைப் போடுங்கள். சொல் நீளும்போது பட்டன் கிழியாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஆங்கிலத்துக்கு அளந்த பட்டனில் தமிழ் பெரும்பாலும் அடங்காது.

கடையில் இந்த வேலை எப்போதும் ஒரே மூச்சில் நடக்காது. நாலாவது திரையில் இருக்கும்போது வாடிக்கையாளர் வருவார், லோடு இறங்கும், கரண்ட் போகும். ஒவ்வொரு திரை முடிந்ததும் தானாகச் சேமித்துக்கொண்டு, திரும்ப வரும்போது விட்ட இடத்தில் திறக்காத அமைப்பை நான் பாதி வேலை என்றுதான் சொல்வேன். ஓடிபி இதைவிட மோசம். முதலாளியின் போனுக்கு ஓடிபி போகும். அவர் சவுகார்பேட்டையில் கொள்முதலில் இருப்பார், பையன் மணலியில் கடையில் இருப்பான். போனில் கூப்பிட்டு, ஆறு இலக்கத்தைக் கேட்டு, 'இன்னொரு வாட்டி சொல்லுங்கண்ணே' என்பதற்குள் நேரம் முடிந்திருக்கும். ஓடிபி இல்லாமலே முதல் பில்லைப் போட விட்டு, போன் உறுதிப்படுத்தலை முதலாளி கடைக்கு வரும் வரை ஒத்திவைத்தால் என்ன குறைந்துவிடும்? பாதுகாப்புக்காரர்களோடு இந்த ஒரு வரிக்காக நான் இரண்டு மீட்டிங் சண்டை போட்டிருக்கிறேன்.

கடைசித் திரையில் வழக்கமாக ஒரு சுருக்கப் பட்டியல் இருக்கும்: நீங்கள் கொடுத்த விவரங்கள், இருபது வரி. யாரும் படிப்பதில்லை. நாங்கள் அதை எடுத்துவிட்டு ஒரு சாம்பிள் பில்லை வைத்தோம். கடை பெயர், முகவரி, ஜிஎஸ்டி நம்பர், 4,313 என்ற பில் நம்பர், இரண்டு சட்டை, வரி, மொத்தம். அதே பில்லை பிரிண்டரிலும் அடித்துக் காட்ட வேண்டும். படிவம் படிக்காத முதலாளி பில்லை வரி வரியாகப் படிப்பார். 'தெரு பேர்ல எழுத்து விட்டுப்போச்சு', 'போன் நம்பர் பழசு'. தப்பான வரியைத் தொட்டால் அங்கேயே திருத்தலாம்.

இந்தச் சாம்பிள் பில்லைக் கடைசி வரை தள்ளிப்போடாமல் முகவரித் திரை முடிந்ததுமே ஒரு தடவை அடித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. காரணம் தெர்மல் பிரிண்டர். 58 மில்லிமீட்டர் பேப்பர் ஓடுகிற பிரிண்டருக்கு 80-க்கு வரைந்த பில்லை அனுப்பினால் தொகை வருகிற ஓரம் அடுத்த வரிக்கு மடிந்துவிடும். அந்தப் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குள் தமிழ் எழுத்தும் கிடையாது. தமிழில் கடை பெயரை எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறிகள் வரிசையாக இறங்கும். படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். பரம்பரையாக வந்த கடை பெயர் '?????' என்று காகிதத்தில் வருவதைப் பார்த்த பெரியவரின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முதல் பில் போன பிறகு மிச்சக் கேள்விகள் எங்கே போவது? மேல் மூலையில் 'பாக்கி' என்று ஒரு பட்டியல். பார்ட்டிகளின் பழைய பாக்கி கணக்குப்பிள்ளை பெயரில், சரக்கு மதிப்பீடு ஆடிட்டர் பெயரில், பேங்க் விவரமும் போன் உறுதிப்படுத்தலும் முதலாளி பெயரில். அவரவர் கேள்வி மட்டும் அவரவர் வாட்ஸாப்புக்குப் போகும். பதிலை அங்கேயே தட்டலாம், சாஃப்ட்வேரைத் திறக்க வேண்டாம். பழைய பாக்கியை ஒரே நாளில் ஏற்ற வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விட்டோம். ஒரு பார்ட்டி பணம் கட்ட வரும்போது அந்தப் பார்ட்டியின் பாக்கியை மட்டும் கேட்டால் போதும். காசிமேட்டு வியாபாரி மிச்சத்தை எல்லாம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் உட்கார்ந்து ஏற்றினார். அவருக்கு ஓய்வு இருக்கும் காலம் அது.

எம்.சி. ரோட்டு ரெடிமேட் கடை போன வருஷம் பக்கத்துத் தெருவில் இரண்டாவது கடை திறந்தது. புதுத் திரைகளை முதலில் அங்கேதான் போட்டோம். அதே பையன், இப்போது கொஞ்சம் மீசை வந்திருக்கிறது. டீ வருவதற்குள் முதல் பில் வெளியே வந்தது. முதலாளி அதைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, போன் நம்பரில் ஓர் இலக்கத்தை மாற்றச் சொன்னார். ஆடிட்டரின் பதில் நாலு நாள் கழித்து ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸாப்பில் வந்தது. 'சராசரி' என்று ஒரே ஒரு சொல். அதற்குள் கடையில் அறுநூறு பில் போயிருந்தது.